குவார்ட்டர்ஸ்காரர்களின் ரிப்போர்ட் மட்டும் மாறியது

2014 என்று நினைக்கிறேன். பண்ருட்டியிலிருந்து வருகிற பஸ் எல்லாம் பலாப்பழ வாசனையோடு வந்து நிற்கும் கோடைக்காலம். நெய்வேலி டவுன்ஷிப்பில் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் நான் டெக்னீஷியனாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வருகிறவர்களுக்கு ரத்தம் எடுப்பது, உள்ளே போய் டெஸ்ட் பண்ணுவது, வந்த முடிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் என் பொறுப்பு. வெளியே கவுண்டரில் ஓர் அக்கா இருந்தார். பெயர், முகவரி கேட்டு பில் போடுவதும், மாலையில் ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. எங்கள் இருவரைத் தவிர ஓனர். அவ்வளவுதான் எங்கள் லேப்.

என் ஊர் கம்மாபுரம் பக்கம். எங்கள் நிலம் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது நான் கைக்குழந்தை. அண்ணன் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்டில் ஷிஃப்ட் போய்க்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் படித்து, வெள்ளைக் கோட்டு மாட்டி வேலைக்குப் போன முதல் ஆள் நான். அதனால் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கோபமும் உண்டு. யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் சுருக்கென்று ஏறிவிடும்.

டவுன்ஷிப்பில் ஒரு பழக்கம். அங்கே யாரும் ஆளைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "எந்த பிளாக், என்ன நம்பர்?" என்றுதான் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தாலும் அதே கேள்வி, பால் ஊற்ற வந்தாலும் அதே கேள்வி. எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்து குடியேறிய ஜனங்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், ஆனால் ஒரு பிளாக்கில் ஒரு நம்பருக்கு ஒரு வீடுதானே. எங்கள் லேபிலும் அதே கணக்குதான். குவார்ட்டர்ஸ்காரர், அதாவது சுரங்கக் கம்பெனி வீட்டில் குடியிருப்பவர் வந்தால் பிளாக்கும் வீட்டு நம்பரும் போதும். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால் பின்னால் ஏ, பி என்று சேர்த்துக்கொள்வோம். எங்களைப் போல வெளியூர் ஆட்களுக்குப் பிளாக் ஏது? அவர்களுக்கு மட்டும் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் அடிப்போம்.

இதற்கென்று ஒரு புரோகிராமை ஓனருடைய மைத்துனர் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் பெங்களூரில் இன்ஜினீயர். லீவுக்கு வந்தபோது தன் அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்குக் கைம்மாறாக எழுதியது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அது வந்த பிறகு, முடிவுகளை நான் நோட்டில் கையால் எழுதி வைத்துக்கொண்டிருந்ததை ஓனர் நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டர் இருக்கும்போது இரட்டை வேலை எதற்கு என்றார். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் வம்பு ஒரு டீச்சரால் வந்தது. பதினோராம் பிளாக். இதுவரை சர்க்கரை என்பதே இல்லாதவர், சும்மா ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று வந்தார். மாலையில் அவர் கையில் கிடைத்த ரிப்போர்ட்டில் சர்க்கரை எங்கோ மேலே நின்றது. பாவம், அன்று ராத்திரி முழுக்க அழுதிருக்கிறார். மறுநாள் வேறு இடத்தில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. நேராக எங்கள் லேபுக்கு வந்து கத்தினார். ஓனர் என்னைக் கூப்பிட்டு, "டியூப்ப மாத்தி வெச்சுட்டியாம்மா?" என்றார். இல்லை என்றேன். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். டீச்சர் வீட்டு நம்பருக்கு எதிரே அந்தப் பெரிய எண்தான் இருந்தது, என் லாகினில் ஏற்றியதாக.

"நீ அடிச்சதுதானே இதுல இருக்கு? அதுவா மாத்திக்குமா?"

ஒருவேளை கை தவறியிருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஆனால் சில வாரம் கழித்து ஒரு தைராய்டு ரிப்போர்ட் அதேபோல மாறிப்போனது. அதுவும் குவார்ட்டர்ஸ்காரருடையது. அதிலும் என் லாகின்தான்.

அதற்குப் பிறகு நான் தூங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் கவுண்டர் அக்கா மேல் சந்தேகம் வந்தது. அச்செடுப்பது அவர்தானே. நான் மதியம் சாப்பிடப் போகும்போது என் கம்ப்யூட்டர் திறந்தபடிதான் இருக்கும். அவர் உள்ளே வந்து ஏதாவது செய்கிறாரா என்று, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்ப்பேன். சாம்பார் சாதம் ஆறிப்போகும். அவர் பாட்டுக்கு வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அதே இடுக்கு வழியாக அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவருக்கு என் மேல் சந்தேகம். இரண்டு பேரும் அசடு வழியச் சிரித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

பிறகு ஓனர் மேல் சந்தேகம். அவருடைய அண்ணன் மகள் அந்த வருடம்தான் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்திருந்தாள். என்னைத் துரத்திவிட்டு அவளைக் கொண்டுவரப் போகிறார், அதற்குத்தான் இந்த நாடகம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அவர் இருமினால்கூட அதில் ஓர் அர்த்தம் இருப்பதுபோலப் பட்டது.

டியூப்பை யாராவது இடம் மாற்றுகிறார்களா என்று கண்டுபிடிக்க, மூடியில் யாருக்கும் தெரியாமல் ஊசிமுனை அளவுக்கு மையால் புள்ளி வைத்தேன். மாலையில் பார்த்தால் புள்ளி எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு டியூப்பிலும் பிளாக் நம்பர், ஒரு சாய்வுக் கோடு, வீட்டு நம்பர் என்று நானே எழுதி ஒட்டியிருப்பேன். அதுவும் அப்படியே இருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் ரிப்போர்ட் மாறுகிறது என்றால் கோளாறு என் தலையில்தான் இருக்க வேண்டும் என்று பயந்தேன். வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். அம்மா கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

இதைவிட மோசமான ஒன்று மெதுவாக வெளியே பரவியது. கவுண்டர் அக்கா யாரிடமோ சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, கடைசியில் என் காதுக்கே வந்து சேர்ந்தது. "கிராமத்து ஆளுங்க ரிப்போர்ட் ஒண்ணுகூட மாறல. குவார்ட்டர்ஸ்காரங்களுதுதான் மாறுது. அந்தப் பொண்ணு வீட்டு நிலம் மைன்ஸுக்குப் போயிருக்கு, அண்ணனுக்கும் பர்மனென்ட் ஆகல. அந்த ஆத்திரத்துல வேணும்னே பண்றா."

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்தவர் ரத்தத்தில் விளையாடுகிறவளா நான்? வேலை போனால் போகிறது. ஆனால் இந்தப் பெயரோடு வெளியே போனால் நெய்வேலியில் மட்டுமல்ல, பண்ருட்டி, விருத்தாசலம், கடலூர் எங்கேயும் ஒரு லேபிலும் என்னை உள்ளே விட மாட்டார்கள். இந்தத் தொழிலில் கைராசி இல்லை என்றால்கூட மன்னிப்பார்கள். வேண்டுமென்றே மாற்றினாள் என்றால் ஆயுசுக்கும் தீராது. அதைவிடக் கொடுமை, கிராமத்து ரிப்போர்ட் ஒன்றுகூட மாறவில்லை என்பது உண்மை. நானே யோசித்துப் பார்த்தேன். அது ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கர்ப்பிணிப் பெண் வந்தார்.

என்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். இருபத்தொன்றாம் பிளாக். ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்ட்டையும் புதிதாக எடுத்துவரச் சொன்னதால் எங்களிடம் ரத்த வகையும் பார்த்திருந்தார். மறுநாள் காலை ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தார். கூடவே அவருடைய அம்மா.

ரிப்போர்ட்டில் பி பாசிட்டிவ் என்று இருந்தது. அவருக்குச் சென்னையில் ஏற்கெனவே பார்த்தது பி நெகட்டிவ். நெகட்டிவ் என்றால் குழந்தை பிறக்கும்போது தாய்க்கு ஓர் ஊசி தேவைப்படலாம், அவசரத்துக்கு ரத்தமும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அவர் ரிப்போர்ட்டைப் படிக்காமல் ஃபைலில் சொருகுகிற ஆளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

அவருடைய அம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "என் பொண்ணு உசுரோட விளையாடுறீங்களா? யாரு அந்தப் பொண்ணு, வெளிய வரச் சொல்லுங்க!" ரத்தம் கொடுக்கக் காத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். ஓனர் முகம் கறுத்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், "இன்னியோட நின்னுக்கம்மா. கணக்க முடிச்சு அனுப்பிடறேன்" என்றார்.

நான் கோட்டைக் கழற்றப் போனேன். ஒரு பட்டன் சிக்கிக்கொண்டு கழலவில்லை. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "நானு ஒண்ணும் மாத்தி வெக்கலீங்க. எங்க வூட்டுல அப்படி வளக்கல" என்றேன். குரல் கத்தலாகத்தான் வந்தது.

அந்தக் கர்ப்பிணிப் பெண் அதுவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. துணிக்கடையில் சேலையைப் பிரித்து இழை விலகியிருக்கிறதா என்று பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார். வீங்கிய காலைச் செருப்பிலிருந்து விடுவித்துக்கொண்டு, "சார், அவங்க போறதுக்கு முன்னாடி நான் கொஞ்சம் கேக்கணும்" என்றார்.

கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். ரத்தம் எடுத்ததும் டியூப்பை எங்கே வைப்பீர்கள்? ஸ்டிக்கரில் என்ன எழுதுவீர்கள்? எழுதிக் காட்டுங்கள். டெஸ்ட் முடிந்ததும் உடனே ஏற்றுவீர்களா, சேர்த்து வைத்து ஏற்றுவீர்களா? கேட்ட கேள்வியையே சுற்றி வளைத்து இன்னொரு விதமாகக் கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில் இப்படித்தான் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்தப் பெண் என்னை வேலையை விட்டு அனுப்புவதோடு விடமாட்டார், கேஸ் போடுவதற்குச் சாட்சி சேர்க்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல், "நீங்க என்னிய நம்பலன்னா நேரா சொல்லிடுங்க. இப்படிக் குடைஞ்சிகினு இருக்காதீங்க" என்று வெடித்துவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ஆமாங்க, நம்பல. நீங்க பண்ணியிருக்கலாம். பண்ணாமயும் இருக்கலாம். எனக்கு இன்னும் தெரியல. அதான் கேக்குறேன்" என்றார். பிறகு, "என் வேலையே இதுதாங்க. மத்தவங்க எழுதின புரோகிராம்ல தப்பு இருக்கான்னு தேடுறது. யாரையும் நம்ப மாட்டேன்" என்றார்.

அவருடைய அம்மா, "கட்டின புருஷனையே நம்ப மாட்டா" என்று முணுமுணுத்தார். அந்த நிலைமையிலும் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அவர் சொன்ன 'தெரியல' என்ற சொல் என்னை என்னவோ செய்தது. இத்தனை வாரமாக எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. என் நிலம் தெரியும், அண்ணன் தெரியும், என் ஆத்திரம் தெரியும். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். அதனால்தானோ என்னவோ, யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன்.

"நேத்து ஒரு பி நெகட்டிவ் வந்துச்சுங்க. என் கண்ணால பாத்தேன். நெகட்டிவ் அடிக்கடி வராது, அதனால ரெண்டாவது தடவ போட்டுப் பாத்துட்டுதான் ஏத்தினேன். ஆனா இப்ப கம்ப்யூட்டர்ல நேத்துத் தேதியில ஒரு நெகட்டிவ்கூட இல்ல. எனக்குக் கிறுக்குப் புடிச்சிடுச்சோன்னு பயமா இருக்குதுங்க."

ஓனர் உச்சுக்கொட்டினார். ஆனால் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அது எங்க போச்சு?" என்றார்.

யார் மாற்றியது, ஏன் மாற்றினாள் என்றுதான் அதுவரை எல்லாரும் கேட்டிருந்தார்கள். அது எங்கே போனது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

"இதுக்கு முன்னாடியும் மாறியிருக்கா?" என்று அடுத்த கேள்வி. ஓனர் பூசி மெழுகப் பார்த்தார். கவுண்டர் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "மாறியிருக்கும்மா. எல்லாம் குவார்ட்டர்ஸ்காரங்களுதுதான். இவங்க ஊர்ப் பக்கத்து ஆளுங்களுது மட்டும் ஒண்ணுகூட மாறினதில்ல" என்று என்னைக் கண்ணால் ஒரு வெட்டு வெட்டினார்.

போச்சு, தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "ஒண்ணுகூடவா? நல்லாத் தெரியுமா?" என்று அக்காவிடமே கேட்டார். பிறகு, "ஊர்க்காரங்க வந்தா கம்ப்யூட்டர்ல என்ன அடிப்பீங்க? குவார்ட்டர்ஸ்னா என்ன அடிப்பீங்க?" என்றார். அக்கா சொன்னார். அவ்வளவுதான், அந்தப் பெண் எழுந்து என் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். ஓனர் தடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பதற்குள் புரோகிராம் ஃபைலைத் திறந்துவிட்டார். பெர்ல் என்ற மொழியில் எழுதியது என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. எனக்கு அது எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது.

கொஞ்ச நேரம் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். ஒரு வரியில் நின்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, "நேத்து பிளட் குரூப் பாத்தவங்க வேற யாரு?" என்றார். டிரைவிங் லைசென்ஸுக்காக ஒரு பையன் வந்திருந்தான், அவன் பி பாசிட்டிவ். எந்த பிளாக், என்ன நம்பர் என்று கேட்டார். இரண்டாம் பிளாக், 111 என்று அக்கா பில்லைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க வீடு பிளாக் 21, நம்பர் 11" என்றார் அந்தப் பெண்.

மேஜைக் கண்ணாடி மேல் படிந்திருந்த தூசியில் விரலால் எழுதிக் காட்டினார். 2, அதையடுத்து 111. கீழே 21, அதையடுத்து 11. இடைவெளி விடாமல் சேர்த்து எழுதினார். மேலே 2111. கீழேயும் 2111.

அறையில் இருந்த எல்லாரும் குனிந்து பார்த்தோம். எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் என் டியூப் ஸ்டாண்டைக் காட்டி விளக்கினார். புரோகிராமுக்குள்ளே ஒவ்வொரு நாளுக்கும் இதைப் போல ஒரு ஸ்டாண்ட் இருக்கிறதாம். அதற்கு ஹாஷ் என்று பெயர். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பெயர் உண்டு, அதைச் சாவி என்பார்களாம். அந்தப் பெயரை யாரும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. ஆள் வர வர, பிளாக் நம்பரையும் வீட்டு நம்பரையும் ஒட்டி, பின்னால் டெஸ்ட் பெயரையும் சேர்த்து, புரோகிராமே அந்த நேரத்துக்குச் செய்துகொள்கிறது. இரண்டு வீட்டுக்கு ஒரே சாவி அமைந்துவிட்டால், இரண்டாவதாக வருவது முதலாவது இருந்த குழியிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

"முன்னாடி இருந்தது?" என்று கேட்டேன்.

"போயிடும். ஒரு சத்தம் போடாது, ஒரு எச்சரிக்கை வராது. நீங்க முதல்ல என்னோட நெகட்டிவ ஏத்தியிருக்கீங்க. அப்புறம் அந்தப் பையனோட பாசிட்டிவ ஏத்தியிருக்கீங்க. ரெண்டும் சரியாத்தான் ஏத்தியிருக்கீங்க. சாயங்காலம் ரெண்டு பேருக்கும் ஒரே குழியிலேர்ந்து எடுத்து அச்சடிச்சிருக்கு."

ஊர்க்காரர்களுக்கு ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் போவதால் அங்கே இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை. என் மேல் பழி போடக் காரணமாக இருந்த அதே விஷயம்தான் அவருக்குப் புரோகிராம் மேல் சந்தேகம் வரவும் காரணமாக இருந்திருக்கிறது. ஒரே விஷயத்தைப் பார்த்து ஊரே ஒரு முடிவுக்கு வந்தது, இவர் ஒரு கேள்விக்கு வந்தார்.

ஆனால் அந்தப் பெண் அதோடு விடவில்லை. தான் சொன்னதையும் நம்பமாட்டார்போல. டீச்சர் விஷயத்தையும் பார்த்துவிடலாம் என்று அக்காவைப் பழைய பில்லைத் தேடச் சொன்னார். டீச்சர் பதினோராம் பிளாக், 24. அன்றைக்குச் சர்க்கரை பார்த்தவர்களில் முதல் பிளாக், 124 என்று ஒரு ரிட்டயர்டு ஆபீசர் இருந்தார். பல வருடச் சர்க்கரைக்காரர். பிறகு அதேபோல ஒட்டினால் ஒன்றாகிவிடுகிற, இல்லாத இரண்டு வீட்டு நம்பரைப் போட்டு, ஒன்றுக்கு ஒரு முடிவை ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். சரியாகக் காட்டியது. இன்னொன்றுக்கு வேறு முடிவை ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். பிறகு முதல் வீட்டைத் திறக்கச் சொன்னார்.

என் கண் முன்னாலேயே மாறியிருந்தது. நான் அடித்தது இல்லை. இத்தனை வாரமாக நான் தேடிய திருடன் அந்தத் திரைக்குள்ளே, என் லாகினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் அழுகை வந்தது. அடக்க முடியவில்லை. கவுண்டர் அக்கா எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாங்கினேன்.

ஓனர் பெங்களூருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அப்படி வரவே வராது என்று மைத்துனர் முதலில் சாதித்தார். இந்தப் பெண் இரண்டு நம்பரையும் சொன்னதும் அவர் அவற்றைச் சேர்த்து முணுமுணுத்துப் பார்ப்பது கேட்டது. பிறகு மெல்லிய குரலில், "நீங்கதானே மாமா, பேரெல்லாம் வேணாம், டவுன்ஷிப்புல பிளாக்கும் நம்பரும்தான் ஆளுக்கு அடையாளம்னு சொன்னீங்க?" என்றார். ஓனர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு ஒட்டியிருந்தால் போதும், இரண்டும் இரண்டு சாவியாக இருந்திருக்கும் என்றார் அந்தப் பெண். என் டியூப் ஸ்டிக்கரில் நான் தினமும் போட்டுக்கொண்டிருந்த கோடு. அதைப் புரோகிராமில் போட அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்கப்புறமும் மறுபடி இரண்டு பொய் வீட்டைப் போட்டுச் சோதித்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஓனர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. "சரிம்மா, கோட்ட மாட்டிக்கினு வேலையப் பாரு" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் நின்றேன். கூட்டத்தில் இருந்தவர்களும் என்னைப் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பு என்னுடையது இல்லை என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் ஊசியோடு நான் போய் நின்றால் கையை நீட்டுவார்களா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அந்தப் பெண்ணின் அம்மா பையை எடுத்துக்கொண்டு, "வாம்மா, வேற லேபுல போய் எடுத்துக்கலாம். இங்க வேணாம்" என்று கிளம்பினார்.

அவர் போகவில்லை. வெளியே வந்து ரத்தம் எடுக்கும் நாற்காலியில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து, வளையலை மேலே தள்ளிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"எனக்கு மறுபடி எடுங்க. நீங்களே எடுங்க."

"இம்மாம் நேரமும் நம்பலன்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன். கொஞ்சம் விறைப்பாகத்தான் கேட்டேன்.

"அப்ப சோதிக்கல. இப்ப சோதிச்சுட்டேன்ல" என்றார்.

ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. பி நெகட்டிவ். அவரை உள்ளே கூப்பிட்டுத் தட்டில் ரத்தம் எப்படித் திரள்கிறது, எப்படித் திரளாமல் இருக்கிறது என்று காட்டினேன். கம்ப்யூட்டரில் ஏறியதையும், அச்சில் வந்ததையும் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டார். நாங்கள் வெளியே வந்தபோது அந்த நாற்காலியில் அடுத்த ஆள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்கள் வழக்கப்படி பிளாக்கும் நம்பரும்தான் தெரியும். குழந்தை பிறந்து அவர் சென்னைக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். நானும் கொஞ்ச நாளில் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். கல்யாணமாகி, என் கீழே இரண்டு பெண்கள் வேலை பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டேன். அவர்கள் மேல் ஏதாவது புகார் வந்தால், என் பழைய கோபம் சுருக்கென்று ஏறும்போது, நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

அந்தக் கோடையில் எத்தனையோ பேர் என்னைச் சந்தேகப்பட்டார்கள். எல்லாரும் பாதி வழியில் நிறுத்திக்கொண்டு என்னைக் குற்றவாளியாக்கினார்கள். அந்தச் சந்தேகத்தைக் கடைசி வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தவர் அவர் ஒருவர்தான், அதனால்தான் இன்றைக்கும் இந்தக் கையை நம்பி முன்பின் தெரியாதவர்கள் தங்கள் கையை நீட்டுகிறார்கள்.